பேருந்து நிறுத்தத்தில் ஐந்து கோப்பைகள்

எங்கள் உணவகத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தது என் மூக்கு. மற்ற உறுப்புகள் அதன் தயவில் காலம் தள்ளின. எந்த ஒயினை வாங்குவது, எந்தத் தட்டோடு எதை ஊற்றுவது என்று முடிவு செய்வது என் வேலை. கண்ணை மூடி ஒரு கோப்பையை முகர்ந்தால், எந்த நாட்டுச் சிவப்பு ஒயின் என்று சொல்லிவிடுவேன். சொல்லிவிட்டு, இதெல்லாம் ஒரு விஷயமா என்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வேன். என்னிடம் என் மனைவிக்குச் சுத்தமாகப் பிடிக்காதது அந்த முகம்தான். சமையலறையில் எல்லோரும் என்னை 'மூக்கு' என்றே கூப்பிட்டார்கள். நானும் அதைப் பட்டமளிப்பு விழாவில் கொடுத்ததுபோல் வைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. டாக்டர் மூக்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, வரலாம், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார். காணாமல் போன பூனையைப் பற்றிப் பேசுவதுபோல் பேசினார்.

சமையலறைக்காரர்களிடம் விஷயத்தைச் சொன்னேன். அன்றிலிருந்து ஒருவரும் என்னை 'மூக்கு' என்று கூப்பிடவில்லை. யாரும் கூடிப் பேசி முடிவெடுத்ததாகத் தெரியவில்லை. கிண்டல் செய்வதற்கென்றே பிறந்த கூட்டம் அது. அவர்கள் என்னை 'அண்ணே' என்று கூப்பிட ஆரம்பித்தபோதுதான் என் நிலைமை எவ்வளவு மோசம் என்று எனக்குப் புரிந்தது.

முதலாளியிடமும் சொன்னேன். இத்தனை வருட ஞாபகம் இருக்கிறது, அதை வைத்துச் சமாளிப்பேன் என்றும் சேர்த்துச் சொன்னேன். அந்த ஞாபகம்தான் என்னைக் கவிழ்த்தது. ஒரு மாலை கணவனும் மனைவியுமாக இருவர் வந்து ஸ்பெயின் நாட்டுச் சிவப்பு கேட்டார்கள். நான் திறந்து, ஊற்றி, தேங்காயின் மெல்லிய வாசம், பழைய மரப்பீப்பாய், கடைசியில் உலர்ந்த பழம் என்று மனப்பாடமாக ஒப்பித்தேன். அவர்கள் கண்ணை மூடித் தலையாட்டிக் குடித்தார்கள். மிச்சத்தோடு பாட்டில் உள்ளே போனதும் தலைமைச் சமையல்காரர் அதை மோந்து பார்த்து முகத்தைத் திருப்பினார். கார்க் கெட்டுப்போன பாட்டில். அப்படிக் கெட்டால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பழவாசனை செத்து, ஈர அட்டைப்பெட்டி வாசனை வரும். வாசனை தெரியாத யாராலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. வாசனை தெரிந்த அந்த இருவரும், என் பேச்சை நம்பி, ஈர அட்டையில் தேங்காயைத் தேடியிருக்கிறார்கள்.

முதலாளி திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலை, கடை திறக்கும் முன் ஐந்து கோப்பைகள் வைப்பதாகச் சொன்னார். காகிதம் சுற்றிய கோப்பைகள், ஐந்து நாட்டுச் சிவப்பு.

"எது எந்த நாடுன்னு சொல்லுங்க. எதை மேஜைக்குக் கொண்டு போகலாம்னு சொல்லுங்க. முடியலன்னா, முன்னாடி உக்காந்து டேபிள் புக்கிங் பாருங்க. சம்பளம் அதேதான். ஆனா இன்னொரு தடவை ஒருத்தரை நாம ஏமாத்தக் கூடாது."

நியாயமான மனிதர்களிடம் இதுதான் தொல்லை. கோபித்துக்கொண்டு வேலையை விட்டுப் போகக்கூட அவர்கள் வழி விடுவதில்லை.

வீட்டில் என் மாமியார் இருந்தார். தபால் நிலையத்தின் பார்சல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் தொழில் அவருக்கு ஆரம்பத்திலிருந்தே ஆகாது. சாராயம் ஊற்றுகிற இடத்தின் வாசலை மிதிக்க மாட்டேன் என்று எங்கள் கல்யாணத்தின்போதே சொல்லிவிட்டார்; இன்றுவரை மிதிக்கவில்லை. நாங்கள் குடிப்பதில்லை, ருசி பார்த்துத் துப்பிவிடுவோம் என்று ஒருமுறை விளக்கப் போனேன். "காசு குடுத்து வாங்கினதைத் துப்புறதுக்கா மாப்பிள்ளை உங்களுக்குச் சம்பளம் தர்றாங்க?" என்று கேட்டார். 

எங்கள் கடையில் ஊற்றும் ஐந்து நாட்டுச் சிவப்பிலும் மீந்துபோன பாட்டில்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வரிசையாக ஊற்றி வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தேன். ஐந்தும் கண்ணாடி வாசனைகூட இல்லாத கண்ணாடியாக இருந்தன. என் மனைவி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அம்மாவைக் கூப்பிடவா?" என்றாள். பக்கத்து வீட்டில் பால் பொங்கப்போவதை இங்கிருந்தே சொல்லும் மூக்கு அம்மாவுடையது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். கேட்கும் தைரியம்தான் எனக்கு இல்லை.

கேட்க வேண்டியிருக்கவில்லை. அவரே வந்து எதிரில் உட்கார்ந்தார். "மூக்கை மட்டும்தான் தருவேன். வாயைக் கேக்கக் கூடாது" என்று நிபந்தனை போட்டுவிட்டு முதல் கோப்பையை எடுத்தார்.

அது சிலி. குடைமிளகாய் வெட்டிய கத்தியைக் கழுவாமல் வைத்திருக்கிறார்கள் என்றார். பிரான்ஸ் அவருக்குப் பென்சில் சீவிய குப்பை. ஆஸ்திரேலியா, மூடியைத் திறந்து வெயிலில் மறந்துவிட்ட ஜாம் பாட்டில், மேலே யாரோ மிளகு தூவியிருக்கிறார்கள். ஸ்பெயின், மரப்பெட்டிக்குள் தேங்காய். இத்தாலியை மட்டும் இரண்டு முறை முகர்ந்தார். "புதுசா தார் போட்ட ரோட்ல யாரோ ரோஜாவைக் கொட்டிட்டாங்க, பாவம்" என்றார். எந்த நாட்டுப் பார்சல் வந்தாலும் பிரிக்காமலே உள்ளே என்ன என்று தங்கள் பிரிவில் பந்தயம் கட்டுவார்களாம். பெரும்பாலும் இவர்தான் ஜெயிப்பாராம்.

நான் இதையே முக்கால் மணி நேரம் பேசிச் சொல்லுவேன். நடுவில் மலைச்சரிவு எல்லாம் வரும்.

"சரி, வாசனை போனா போகட்டும். உங்க வாய்க்கு என்னதான் தெரியுது?" என்று கேட்டார்.

யாரும் கேட்கவில்லை என்பதால் நானும் யோசிக்கவில்லை. மறுபடி ஒரு வாய் எடுத்தேன். இத்தாலி நாக்கின் இரண்டு ஓரத்திலும் எச்சில் ஊறவைத்தது. அடுத்த நொடி வாழைக்காயைக் கடித்ததுபோல் ஈறெல்லாம் துவர்த்து இழுத்தது. ஆஸ்திரேலியாவில் துவர்ப்பு மாவுபோல் மெத்தென்று இருந்தது. துப்பிய பிறகும் தொண்டையில் இளஞ்சூடு. ஸ்பெயின் வம்புதும்புக்குப் போகாத நடுத்தரம். புளிப்பும் துவர்ப்பும் சூடும் மூக்கைக் கேட்டு வருவதில்லை என்று அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாள் மூக்கு போட்ட சத்தத்தில் அவற்றின் குரல் எனக்குக் கேட்கவில்லை. பிரான்சும் சிலியும் மட்டும் பிடிபடவில்லை. இரண்டும் ஒரே வகைத் திராட்சை, ஒரே மாதிரித் துவர்ப்பு. ஒரே சட்டை போட்ட இரட்டையர்கள்.

அந்த வாரம் முழுக்க அந்த மேஜையில் உட்கார்ந்தோம். நான் துப்பினேன். அவர் முகத்தைச் சுளித்தார். எழுந்து மட்டும் போகவில்லை.

ஞாயிறு காலை நான் கிளம்பும்போது அவரும் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "உள்ள வர மாட்டேன். எதிர்ல பஸ் ஸ்டாப்ல உக்காந்திருக்கேன். காய்ச்சல்ல கிடந்த உடம்பு, மயக்கம் கியக்கம் வந்தா ஆள் வேணும்ல" என்றார். சொன்னபடியே சாலைக்கு எதிரில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, உணவகத்துக்குப் பாதி முதுகைக் காட்டிக்கொண்டார்.

முதலாளியும் சமையல்காரரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். இரண்டாவது கோப்பை ஈறை இழுத்தது, இத்தாலி. ஐந்தாவது தொண்டையைச் சுட்டது, ஆஸ்திரேலியா. நான்காவது சாதுவாக இருந்தது. ஸ்பெயின், தாராளமாக மேஜைக்குக் கொண்டு போகலாம் என்றேன். சமையல்காரர் தரையைப் பார்த்தார்.

ஒன்றும் மூன்றும் மிஞ்சின. மாற்றி மாற்றி ருசி பார்த்தேன், துப்பினேன். பூவா தலையா போட்டால் பாதி வாய்ப்பு இருக்கிறது. பழைய முகத்தை வைத்துக்கொண்டு ஒன்றைச் சொல்லிவிடலாம். ஈர அட்டையில் தேங்காயைத் தேடிய அந்த இருவர் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

"தெரியல முதலாளி" என்றேன். இந்தத் தொழிலுக்கு வந்தபிறகு அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. "ஆனா தெரிஞ்சவங்க ஒருத்தங்க எதிர்ல உக்காந்திருக்காங்க. அவங்க உள்ள வர மாட்டாங்க. நான் இதை வெளிய கொண்டு போகலாமா?"

அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். "அது யாரு?"

"என் மாமியார்."

ஏன் சரி என்றார் என்று எனக்கு இன்றும் தெரியாது. அவருக்கும் ஒரு மாமியார் இருந்திருக்க வேண்டும்.

காகிதம் சுற்றிய ஐந்து கோப்பைகளைத் தட்டில் ஏந்திச் சாலையைக் கடந்தேன். பின்னால் முதலாளி, அவர் பின்னால் வெள்ளைத் தொப்பியோடு சமையல்காரர். எங்களுக்காக ஒரு பஸ் நின்று வழிவிட்டது. அதன் ஜன்னல்களில் இருந்த எல்லாத் தலைகளும் எங்கள் பக்கம் திரும்பின. மாமியார் பையை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, பார்சலை வாங்குவதுபோல் கோப்பையை வாங்கினார்.

"ஒண்ணு, கத்தியைக் கழுவலை. மூணாவது, பென்சில் குப்பை" என்றார். சிலி, பிரான்ஸ் என்று நான் மொழிபெயர்த்தேன். முதலாளி தலையாட்டினார். இத்தாலிக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நான் சொன்னதையே மாமியாரின் மூக்கும் சொன்னது. நான்காவது கோப்பையில் மட்டும் நின்றார். மறுபடி முகர்ந்தார்.

"இது என்ன நாடுன்னு சொன்னீங்க மாப்பிள்ளை?"

"ஸ்பெயின், அத்தை."

"இதுல தேங்காயும் இல்ல, மரமும் இல்ல. மழைல நனைஞ்ச பார்சல். இதை நாங்க தனியா எடுத்து வச்சிடுவோம். யாருக்கும் குடுக்க மாட்டோம்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கெட்ட பாட்டில் ஒன்றை முதலாளி வேண்டுமென்றே நடுவில் வைத்திருக்கிறார். அதை நான் தாராளமாகப் பரிமாறலாம் என்று சொல்லியிருக்கிறேன். தோற்றுவிட்டேன். தட்டைப் பெஞ்சில் வைத்தேன்.

மாமியார் என்னைப் பார்க்கவில்லை. முதலாளியைத்தான் பார்த்தார். "தம்பி, என் மாப்பிள்ளைகிட்ட நாக்கு இருக்கு. என்கிட்ட மூக்கு இருக்கு, சும்மாதான் கிடக்கு. ரெண்டையும் சேத்து ஒரு ஆளா வச்சுக்கங்களேன்."

என் தொழிலைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது. நான் குனிந்து செருப்பைச் சரிசெய்வதுபோல் கொஞ்ச நேரம் செலவழித்தேன். செருப்பில் ஒன்றுமில்லை.

முதலாளி நீண்ட நேரம் யோசிக்கவில்லை. "உள்ளதான் வர மாட்டாங்களே" என்றார். சமையல்காரர் முதல்முறையாக வாயைத் திறந்தார். "பின்வாசல்ல ஒரு பெஞ்சு போட்டுடலாம் முதலாளி. அது தெரு. கடை இல்ல."

பெஞ்சு போட்டார்கள். பகலில் நான் ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து நீட்டுவேன், அவர் முகர்ந்து தலையாட்டுவார், பிறகு நான் ருசி பார்ப்பேன். அவர் தலையாட்டாத பாட்டில் மேஜைக்குப் போகாது. அந்தக் கணவன் மனைவியை முதலாளி அழைத்து வேறொரு ஸ்பெயின் கொடுத்தார். இந்த முறை நான் வாயே திறக்கவில்லை. அந்த அம்மாள், "இதுலதான் தேங்காய் இருக்கு" என்று தன் கணவரிடம் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

மாதங்கள் போயின. ஒரு காலை கோப்பையை வாயருகே கொண்டுபோனபோது, பென்சில் சீவிய வாசனை வந்தது. மெலிதாக, தூரத்து அறையிலிருந்து வருவதுபோல். நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பெஞ்சு காலியாகிவிடும் என்று பயம். பின்வாசலில் அவர் உட்கார்ந்திருப்பதும், சமையலறைக் கூட்டம் அவரிடம் திட்டு வாங்குவதற்கென்றே எட்டிப் பார்ப்பதும் எனக்குப் பழகிவிட்டது.

மறுநாள் நான் நீட்டிய கோப்பையை அவர் வாங்கவில்லை.

"நேத்து வீட்ல பால் அடிப்பிடிச்சப்போ, எனக்கு முன்னாடி எந்திரிச்சு ஓடினது யாரு?" என்றார்.

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"வந்ததும் சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன எந்திரிச்சா போகப்போறேன்?" பெஞ்சில் சற்று நகர்ந்து இடம் விட்டார். "உக்காருங்க. முதல்ல நீங்க மோந்து சொல்லுங்க. தப்பா இருந்தா நான் சொல்றேன்."

உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து சமையல்காரர், "மூக்கு, அடுத்த பெட்டி வந்தாச்சு" என்று கத்தினார். நாங்கள் இருவரும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தோம்.