சியூகிம் டீச்சருக்கு இடமில்லை

"அந்த ஜாடி இந்த வீட்டு வாசப்படி ஏறக் கூடாதும்மா. அதை மட்டும் கேக்காத" என்றார் திங்ஹாய், கொய்யாத் துண்டுகள் இருந்த தட்டை விருந்தாளியின் பக்கம் நகர்த்தியபடி.

யிருவெய் ஒன்றையும் தொடவில்லை. தைவானின் லூகாங் ஊரில் இருந்த அந்த வீட்டுக் கூடத்தில் முன்னோர் மாடத்தின் சிவப்பு விளக்குகள் பகலிலும் எரிந்துகொண்டிருந்தன. சாம்பல் ஜாடியில் இருந்தது திங்ஹாயின் அக்கா சியூகிம். உடலை மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வைத்துவிட்டு இறந்தவள். உடல் தந்தவர்களை அங்கே ஆசிரியர் என்றுதான் சொல்வார்கள். உடற்கூறியல் முனைவர் பட்ட மாணவியான யிருவெய் ஓராண்டாக அவளிடம்தான் பாடம் படித்தாள். எரியூட்டியாகிவிட்டது. வரும் சனிக்கிழமை நன்றி விழாவில் சாம்பலை வீட்டாரிடம் ஒப்படைக்க வேண்டும்.

"சொந்த அக்காதானே, மாமா?"

"அக்காதான். அவ குடைத் தொழிற்சாலையில கம்பி கட்டித்தான் என்னைப் படிக்க வெச்சா. இல்லேன்னு சொன்னா என் நாக்கு அழுகிடும். ஆனா அது வேற, இது வேற."

அவர் மனைவி மேய்லான் குரலைத் தாழ்த்தினாள். "கல்யாணமாகாத பொம்பளைக்குப் பொறந்த வீட்டு மாடத்துல எடம் கிடையாதும்மா. வெச்சா பேரப்புள்ளைங்களுக்கு ஆகாது. நாங்களா கண்டுபிடிச்சோம்? ஆமா, உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்ல, அத்தை."

"வயசு?"

"முப்பத்துநாலு."

மேய்லான் கொய்யாத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

யிருவெய்யின் ஆய்வு கட்டைவிரலை மடக்கும் தசையைப் பற்றியது. மனிதக் குரங்குகளுக்கு அது இப்படித் தனித்து வளர்வதில்லை. சியூகிம்மின் வலது கையில் அந்தத் தசை கயிறு போல் தடித்துக் கிடந்ததைப் பார்த்து அன்று அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். இந்த வீட்டுச் சோறும் படிப்பும் வந்த கை அது. அருங்காட்சியகங்களில் லட்சக்கணக்கான ஆண்டுகள் பழமையான ஆதித் தாய்களின் எலும்புகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூப்போல வைத்திருக்கிறார்கள். அவர்களில் யாருக்குக் கல்யாணமானது என்று எந்த மடையனும் கேட்டதில்லை. இங்கே ஐந்து தலைமுறை மாடத்துக்குக் கூடப்பிறந்தவள் ஆகவில்லை.

திரும்பும் ரயிலில் அம்மாவின் அழைப்பு வந்தது.

"இந்த வாரமும் அந்தப் பையனைப் பாக்க மாட்டேன்னுட்டியாமே? பொணத்தோடயே குடும்பம் நடத்து. நாளைக்கு நீ போயிட்டா உன்னை எங்கடி வைக்கிறது?"

யிருவெய் கைபேசியை அணைத்தாள்.

சனிக்கிழமை திங்ஹாய் கோட்டு சூட்டில் வந்தார். மேடையில் கல்லூரித் தலைவர் கொடுத்த நன்றிப் பட்டயத்தை இரு கைகளாலும் வாங்கி, படம் எடுப்பவரைப் பார்த்துச் சிரித்தார். பிறகு ஒலிபெருக்கி, "கோ சியூகிம் ஆசிரியரின் குடும்பத்தார் சாம்பலைப் பெற்றுக்கொள்ள வரவும்" என்றது.

ஒருவரும் எழவில்லை. திங்ஹாய் பட்டயத்தில் இல்லாத தூசியைக் கைக்குட்டையால் துடைத்தார்.

மாணவர் வரிசையிலிருந்து யிருவெய் எழுந்து போனாள்.

"நீங்க குடும்பமா?" என்று கேட்டார் ஊழியர்.

"ஆமா."

ஜாடி எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. கல்லூரியின் நினைவு மண்டபத்தில், ஜன்னல் வெளிச்சம் விழும் அலமாரித் தட்டில் அதை வைத்தாள். மண்டபப் பொறுப்பாளரிடம் ஏதோ பேசிவிட்டு வெளியே வந்தாள்.

வாசலில் மேய்லான், சிவப்புத் துணி சுற்றிய பட்டயத்தைக் குழந்தையைப் போல் தூக்கிக் காரில் வைத்துக்கொண்டிருந்தாள். "கூடத்துல ஆணி அடிச்சே வெச்சிட்டோம்மா. மாடத்துக்குப் பக்கத்துலயே. வர்றவங்க கண்ணுல மொதல்ல இதான் படும்."

"ஜாடிக்கு ஆணிகூட வேண்டியிருந்திருக்காது, அத்தை" என்றாள் யிருவெய்.

மேய்லானின் முகம் சிறுத்தது. திங்ஹாய் காருக்குள் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கார் கிளம்பியது.

யிருவெய் அம்மாவை அழைத்தாள்.

"அன்னைக்குக் கேட்டியேம்மா, என்னை எங்க வைக்கிறதுன்னு. அந்தக் கவலையை விடு. டீச்சர் பக்கத்துல ஒரு எடம் காலியா இருந்துச்சு. எனக்குன்னு சொல்லி வெச்சிட்டேன்."