நீதானே இன்சார்ஜ்

வெங்கடேஸ்வரிக்கு மெரூன் கலர் கோட்டு கொடுத்த அன்றைக்குப் பொன்மணிக்குச் சோறு இறங்கவில்லை. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிற அந்த நூல் மில்லில், நூலைக் கூம்புக் குழலில் சுற்றுகிற கோன் வைண்டிங் பிரிவுக்கு அதுவரை ஆம்பளைகள்தான் இன்சார்ஜாக இருந்தார்கள். முதல் தடவையாக ஒரு பெண்ணுக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டபோது, அந்தப் பெண் தான்தான் என்று பொன்மணி முடிவே கட்டிவிட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டுக்காரரிடமும் சொல்லியாயிற்று, பக்கத்து வீட்டிலும் சொல்லியாயிற்று. ஊர்வாய்க்குத் தானே அவல் எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

கொடுத்தது வேறு யாருக்காவது என்றால்கூடப் பொறுத்திருப்பாள். வெங்கடேஸ்வரிக்கு! ராஜபாளையத்திலிருந்து ஒன்றும் தெரியாமல் வந்து நின்றவளுக்கு நூல் அறுந்தால் முடிச்சுப் போடச் சொல்லிக் கொடுத்ததே பொன்மணிதான். மெஷின் சத்தத்துக்குப் பயந்து அழுதவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். அந்தக் கை இன்றைக்கு மெரூன் கோட்டுப் பையில் பேனாவைச் செருகிக்கொண்டு நிற்கிறது. பொன்மணிக்கு அதே பழைய நீலக் கோட்டுதான், காலரில் தையல் விட்டது.

"வாழ்த்துகள்டி வெங்கி," என்று பொன்மணி சொன்னாள். வாய் சிரித்தது. வயிறு எரிந்தது.

"எல்லாம் நீ சொல்லிக் குடுத்ததுதானக்கா," என்றாள் வெங்கடேஸ்வரி. அந்தப் பணிவும் பொன்மணிக்குப் பிடிக்கவில்லை. பதவி வந்தவர்களுக்குப் பணிவு நன்றாகவே வரும், கொடுத்து வைத்தவர்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

மில்லில் ஒவ்வொரு ஷிப்ட் தொடங்கும்போதும் ஐந்து நிமிடக் கூட்டம் ஒன்று உண்டு. இன்சார்ஜ் முன்னால் நின்று எல்லோருக்கும் ஏதாவது நல்லது சொல்ல வேண்டும் என்பது ஆபீஸ் உத்தரவு. முன்பிருந்த இன்சார்ஜ் போனில் வந்த பொன்மொழியைப் படிப்பார். இலக்கு, விடாமுயற்சி, தலைமைப் பண்பு என்று அவர் வாசிப்பதற்குள் பெண்கள் நின்றபடியே ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடுவார்கள். வெங்கடேஸ்வரி போனை எடுக்கவில்லை. முந்தின நாள் தான் செய்த தப்பைச் சொன்னாள்.

"நேத்து மாடத்தி காய்ச்சல்னு வீட்டுக்குப் போகணும்னு கேட்டா. நான் நம்பல. செத்த நேரம் கழிச்சு அவ மயங்கி உக்காந்ததுக்குப் பொறவுதான் அனுப்புனேன். கேட்டப்பவே அனுப்பியிருக்கணும். தப்புதான்."

கூட்டத்தில் ஒருத்திக்கும் தூக்கம் வரவில்லை. தேவதானத்திலிருந்து வருகிற மாடத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பொன்மணிக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. தப்பை ஒத்துக்கொள்வதுகூட ஒரு வித்தை போலிருக்கிறது, இதைக் காட்டியே ஆளை மயக்குகிறாள் என்று பட்டது. அன்றிலிருந்து வெங்கடேஸ்வரி எது செய்தாலும் அதில் ஒரு கணக்கு இருப்பதாகவே அவளுக்குத் தோன்றியது. கேண்டீனில் வரிசையில் நின்று சாப்பிட்டால், நடிப்பு. குப்பையைத் தானே கூட்டினால், பெரிய நடிப்பு. பெண்கள் சிரித்துப் பேசினால், சோப்புப் போடுகிறார்கள். இப்படி ஒருத்தியையே நாள் முழுக்க வேவு பார்ப்பதும் ஒரு வேலைதான், அதற்குச் சம்பளம் கிடையாது.

இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மெஷினில் ஏதாவது சிக்கல் என்றால் வெங்கடேஸ்வரி முதலில் வந்து நிற்பது பொன்மணியிடம்தான். "அக்கா, இதைப் பாரேன்," என்பாள். பொன்மணி பார்த்து, இன்னது என்று சொன்னால், மறுபேச்சு இல்லாமல் அதையே செய்வாள். இதையும் பொன்மணி எரிச்சலாகத்தான் எடுத்துக்கொண்டாள். வேலை தெரிந்தவள் நான், கோட்டு உனக்கு.

புரட்டாசி முடிகிற சமயம் ஆயுத பூஜை வந்தது. அந்த மில்லில் பூஜைக்கு ஒரு வழக்கம் உண்டு. வைண்டிங் பெண்கள் நூல் கோன்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தைக் கட்டிவிடுவார்கள். ஒவ்வொரு ரக நூலுக்கும் கோனின் முனையில் ஒவ்வொரு நிறம். அடுக்கடுக்காகப் பச்சை, மஞ்சள், உச்சியில் வெள்ளை. அதற்குமேல் செவ்வந்தி மாலை. அந்தக் கோபுரத்துக்கு மேஸ்திரி எப்போதும் பொன்மணிதான். மேனேஜர் வைகுண்டராஜ் வருஷா வருஷம் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்.

பூஜைக்கு முந்தின நாள் வெங்கடேஸ்வரி பால்கோவா வாங்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து ஸ்டோரில் நீல முனைக் கோன் தீர்ந்துவிட்டது. அதில் சுற்ற வேண்டிய எக்ஸ்போர்ட் நூலையும் வெள்ளைக் கோனிலேயே ஓட்டச் சொல்லிவிட்டார்கள். ஏற்கெனவே வெள்ளைக் கோனில் சாதா நூல் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் கலந்துவிடக் கூடாதே என்று, எக்ஸ்போர்ட் கோனின் உள்பக்கத்தில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்துவிட்டவள் பொன்மணிதான். இன்சார்ஜ் வந்ததும் சொல்லிவிடு என்று ஸ்டோர்க்காரர் அவளிடம் சொல்லியிருந்தார். சாயங்காலம் வெங்கடேஸ்வரி வந்தபோது பெண்கள் எல்லோரும் பால்கோவா டப்பாவைச் சுற்றி நின்றார்கள். பொன்மணி நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். அதுவரை அது வெறும் சோம்பல்தான்.

மறுநாள் கோபுரம் எழும்பியது. இந்தத் தடவை வெங்கடேஸ்வரியும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து கோன் எடுத்துக் கொடுத்தாள். "ஒகட்டி, ரெண்டு, மூடு" என்று அவள் தன் வீட்டுத் தெலுங்கில் எண்ண, பெண்கள் எல்லோரும் சேர்ந்து எண்ணிச் சிரித்தார்கள். பொன்மணி ஏணிமேல் நின்று உச்சியை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. வைகுண்டராஜ் வந்தார்.

"பிரமாதம். வெங்கடேஸ்வரி, வாங்க, பக்கத்துல நில்லுங்க," என்றார்.

போட்டோவில் மேனேஜர், வெங்கடேஸ்வரி, கோபுரம். ஏணியை ஓரமாகத் தூக்கி வைத்துவிட்டுப் பொன்மணி திரும்பி வருவதற்குள் எடுத்து முடித்துவிட்டார்கள். அவள் கட்டிய கோபுரம் அது. உடம்பெல்லாம் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் அவளுக்கு எரிந்தது. இவள் எப்படியாவது ஒருநாள் எல்லோர் முன்னாலும் தலைகுனிந்து நிற்க வேண்டும் என்று, சாமி படத்துக்கு எதிரே நின்றே வேண்டிக்கொண்டாள்.

விடுமுறை முடிந்து கோபுரத்தைப் பிரித்தார்கள். பச்சை ஒரு வண்டியில், மஞ்சள் ஒரு வண்டியில். மாடத்தி வெள்ளைக் கோன்களை எல்லாம் ஒரே தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். கோடு போட்டதும் போடாததும் கலந்து போவதைப் பொன்மணி பார்த்தாள். 'ஏட்டி, நில்லு' என்று நாக்கு நுனிவரை வந்தது. அப்போது வெங்கடேஸ்வரி அந்தப் பக்கமாக வந்தாள்.

"வெள்ளை அம்புட்டும் ஒரே வண்டிதானக்கா?"

பொன்மணி அவள் கோட்டைப் பார்த்தாள். பையில் செருகிய பேனாவைப் பார்த்தாள்.

"நீதான இன்சார்ஜு," என்றாள், சிரித்துக்கொண்டே.

வெங்கடேஸ்வரியும் சிரித்தாள். அக்கா கேலி செய்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, மாடத்தியைப் பார்த்து, சரி, தள்ளு என்று கையைக் காட்டினாள். நான் பொய் சொல்லவில்லையே, அவள்தானே இன்சார்ஜ் என்று பொன்மணி தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டாள். லோடு அவசரம் என்று பேக்கிங்கில் ஒருவரும் உள்ளே புரட்டிப் பார்க்கவில்லை. வண்டி போய்விட்டது.

இரண்டு நூலுக்கும் பஞ்சு வேறு. வெள்ளையாக இருக்கிறவரை கண்ணுக்குத் தெரியாது, சாயம் ஏற்றினால்தான் தெரியும். தீபாவளி கழிந்த பிறகு துணி வாங்கின பார்ட்டியிடமிருந்து போட்டோ வந்தது. நீலத் துணியில் பட்டை பட்டையாகக் கோடு. வைகுண்டராஜ் வைண்டிங் பெண்களை ஆபீஸ் வாசலில் வரிசையாக நிறுத்தினார். அவர் கத்துகிற ஆள் இல்லை. மெதுவாகப் பேசினால்தான் எல்லோருக்கும் பயம்.

"வண்டியில ஏத்துனது யாரு?"

மாடத்தி அழத் தொடங்கிவிட்டாள். அவள் காண்ட்ராக்ட் ஆள். நாளையிலிருந்து வராதே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வெங்கடேஸ்வரி மாடத்தியைக் கையைக் காட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்வாள், அப்போது இவள் லட்சணம் எல்லோருக்கும் தெரியும் என்று பொன்மணி காத்திருந்தாள். இந்த நாளைத்தானே வேண்டிக்கொண்டாள்.

"நான் ஏத்தச் சொன்னேன் சார்," என்றாள் வெங்கடேஸ்வரி. "மாடத்தி சொன்னதைச் செஞ்சா."

"வெள்ளைக் கோன்ல ரெண்டு நூலு ஓடுச்சுன்னு உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

வெங்கடேஸ்வரி பொன்மணி பக்கம் திரும்பவே இல்லை.

"தெரியும் சார். நாந்தான் கவனிக்கல."

பெண்கள் வெங்கடேஸ்வரியைப் பார்த்த பார்வையைப் பொன்மணி பார்த்தாள். தலைகுனிந்துதான் நின்றாள் வெங்கடேஸ்வரி. ஆனால் பொன்மணி வேண்டிக்கொண்ட தலைகுனிவு இது இல்லை. இதிலும் அவளே ஜெயித்துவிட்டாளே என்றுதான் முதலில் தோன்றியது. மனித மனசு எம்புட்டுச் சின்னதாகச் சுருங்கும் என்பதற்கு அளவே கிடையாது.

மதியம் வைகுண்டராஜ் பொன்மணியை மட்டும் உள்ளே கூப்பிட்டார். திங்கட்கிழமையிலிருந்து பிரிவை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், ஆர்டர் டைப் ஆகிறது என்றார். ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது. வீட்டுக்காரரிடம் சொல்லலாம், பக்கத்து வீட்டில் சொல்லலாம். அவள் வெளியே வந்தபோது வெங்கடேஸ்வரி பஞ்சுத் தூசி படிந்த ஜன்னல் ஓரம் நின்றிருந்தாள்.

"கேள்விப்பட்டேன்க்கா. சந்தோஷம்," என்றாள். அவள் முகத்தில் நிஜமாகவே ஒரு நிம்மதி. "மொதல்லயே உனக்குத்தான் குடுத்திருக்கணும்."

"நீ எதுக்குடி தெரியும்னு சொன்ன? உனக்குத்தான் தெரியாதே."

வெங்கடேஸ்வரி குரலைத் தாழ்த்தினாள். "போட்டோ வந்ததுமே ஸ்டோர்க்காரர் நேத்து சொல்லிட்டாரு, எங்கிட்டச் சொல்லச் சொல்லி அன்னைக்கே உங்கிட்டச் சொன்னாராமே. பூசை வேலையில உனக்கு மறந்துபோச்சு. யாருக்குத்தான் மறக்காது? உன் பேரையும் எதுக்கு இழுக்கணும்? ரெண்டு பேரு வேலைக்கும் எதுக்கு வேட்டு வைக்கணும்னு விட்டுட்டேன்."

பொன்மணி அவள் முகத்தையே பார்த்தாள். ஒரு கணக்கு, ஒரு நடிப்பு, ஒரு துளி சோப்பு, எதையாவது தேடிப் பார்த்தாள். கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சரி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், கோட்டும் கிடைத்திருக்கும். ஆனால் வாய் வேறு ஒன்றைச் சொன்னது.

"மறக்கல," என்றாள்.

வெங்கடேஸ்வரிக்குப் புரியவில்லை.

"மறக்கல வெங்கி. மாடத்தி ஏத்தும்போது பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். நீ கேட்டப்பவும் தெரியும். வேணும்னுதான் சொல்லல."

வெங்கடேஸ்வரி திட்டியிருந்தால் தேவலை. அழுதிருந்தாலும் தேவலை. அவள் செத்த நேரம் பொன்மணியைப் பார்த்தாள், பிறகு ஜன்னலைப் பார்த்தாள், பிறகு மெஷின் பக்கம் நடந்து போய்விட்டாள். பொன்மணி திரும்பி ஆபீஸுக்குள் போனாள். நாற்காலியில் உட்காரச் சொன்னபோதும் உட்காராமல் நின்றே, வைகுண்டராஜிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர், டைப் ஆகி வந்த ஆர்டரை இரண்டாகக் கிழித்தார்.

வெங்கடேஸ்வரியே இன்சார்ஜாக இருந்தாள். பொன்மணிக்கு எச்சரிக்கை, ஒரு வாரச் சம்பளம் இல்லாத லீவு. அவ்வளவோடு விட்டது பெரிய விஷயம் என்று வீட்டுக்காரர் சொன்னார். அவளுக்கும் அப்படித்தான் பட்டது. லீவு முடிந்து மில் பஸ்ஸில் வந்து இறங்கும்போது மனசு லேசாகக்கூட இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இனிமேல் பழையபடி வேலையைப் பார்க்கலாம் என்று உள்ளே போனாள்.

அன்றைக்கு நாலாவது மெஷினில் ரகம் மாற்றினார்கள். பொன்மணி பழைய கோன்களை எடுத்து, புதியவற்றை மாட்டி, ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். வெங்கடேஸ்வரி வந்தாள்.

"எல்லாம் சரியா இருக்கு வெங்கி. நான் பாத்துட்டேன்," என்றாள் பொன்மணி.

"பாத்திருப்பீங்க," என்றாள் வெங்கடேஸ்வரி. குரலில் கோபம் ஒன்றும் இல்லை. "நானும் ஒருதடவ பாத்துக்கிடுறேன்."

மெஷினின் ஒரு ஓரத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு கோனாகக் கழற்றி, உள்பக்கம் திருப்பிப் பார்த்து, மறுபடி மாட்டிக்கொண்டே போனாள். பொன்மணி அவள் பின்னாலேயே, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.