சைவக் கம்பி

தாணுமாலயன் வீட்டில் ஆட்டுக்குடல் இருக்கிறது என்ற செய்தி, சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் உள்ள அந்தச் சந்தில் ஒரே காலைப்பொழுதில் பரவிவிட்டது. முட்டைக்கூடைக்காரன் எதிரே வந்தால் சந்தின் மறு ஓரத்துக்கு நகர்ந்து நடக்கிற மனிதர் அவர். பகவதிப்பெருமாள் பிள்ளையின் இரும்புக்கடையில் ஆணியும் கீலும் நிறுத்துப் போடுகிற வேலை. அவருடைய வீட்டில் குடல் என்றால், அடுப்பில் வைத்த உலையைக்கூட அப்படியே விட்டுவிட்டு வந்து கேட்க வேண்டிய விஷயம்தானே.

குடல் வந்த வழி இது. நாற்பத்தெட்டாம் வருஷம், வித்துராவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்குக் கூரைத் தகடு ஏற்றிக்கொண்டு போன லாரியில் முதலாளி இவரைக் கணக்குச் சரிபார்க்க அனுப்பினார். தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பிப் போக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். கிளப்பு வீட்டின் மூலையில், ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம் கூடுதலாக, வயிறும் இடுப்புமாக ஒன்று நின்றது. தாணுமாலயன் சின்ன வயதில் சுசீந்திரத்தில் நாலு வருஷம் பிடில் படித்தவர். பிடிலைப் பெற்றவள் இவளாகத்தான் இருக்கும் என்று நினைத்தார். கை தானாகப் போய்த் தடிமனான தந்தியைத் தொட்டது. அந்தச் சத்தம் காதுக்கு வரவில்லை, உள்ளங்காலுக்கு வந்தது. தொட்ட கையை எடுக்காமல் நின்றவரைத் துரை பார்த்தார். வேண்டுமானால் கொண்டுபோ என்று கையைக் காட்டிவிட்டார். கரையானுக்கு ஒரு வேலை மிச்சம் என்று துரை நினைத்திருக்கலாம்.

லாரி சந்துக்குள் நுழையாது. நாலு சுமட்டுக்காரர்கள் வெள்ளைத்துணி மூடிய அந்த நீளச் சாமானைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தபோது, வழியில் நின்ற இரண்டு பேர் தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தார்கள். கடைசி வீட்டுப் பிச்சம்மாள் தலை முழுகிவிட்டு வந்து, அதற்கப்புறம்தான் செத்தது யார் என்று விசாரித்தாள். யாரும் சாகவில்லை, டபிள் பேஸ் என்கிற ராட்சசப் பிடில் வந்திருக்கிறது என்று தெரிந்தபோது அவளுக்கு வந்த கோபம் இன்றுவரை தீரவில்லை.

தாணுமாலயனுக்கு இருந்தது ஒரே ஆசை. பத்துப் பேர் சேர்ந்து வாசிக்கிற இடத்தில் இதையும் நிறுத்தி, ஒரு தடவையாவது வாசித்துவிட வேண்டும். தனியாக வாசித்தால் அது சங்கீதமாக இல்லை. சினை எருமை பெருமூச்சு விடுவது மாதிரி இருந்தது. அவருக்கே அது தெரியும். மற்ற வாத்தியங்களுக்கு அடியில் போய் நின்றால்தான் அதற்கு ஒரு அர்த்தம் வரும்.

பழைய பட்டாள பேண்டில் குழல் ஊதி ஓய்வுபெற்ற ஸ்ரீகண்டன் நாயர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தார். தந்திகளைத் தாங்கும் குதிரையை நேராக நிமிர்த்தினார். உள்ளே மேல்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் நடுவில் ஒரு குச்சி நிற்க வேண்டும், அது சரிந்தால் சத்தம் செத்தது என்று காட்டிக் கொடுத்தார். இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் நல்ல மனிதர். பொன்னம்மை காபியோடு வந்து நிற்கிற நேரம் பார்த்து, தந்தியைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"நல்ல ஒண்ணாந்தரம் ஆட்டுக்குடலாக்கும் பிள்ளே. இப்போ இதுபோலே கிட்டாது."

பொன்னம்மை திருநெல்வேலிச் சைவப் பிள்ளைமார் வீட்டுப் பெண். நீட்டிய காபியை நீட்டியபடியே திருப்பி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நாயர் போன பிறகு வெளியே வந்தாள்.

"ஆட்டுக்குடலையா இத்தனை நாளா நெஞ்சோட சேத்துக் கட்டிக்கிட்டு நின்னிய?"

"மிருதங்கத்துல மட்டும் என்ன, வாழமட்டையா கெட்டியிருக்கு?"

"அது வாசிக்கவன் வீட்டுல இருக்கு. இந்தச் சாதனம் எம் வீட்டுல, சாமி மாடத்துக்கு எதுத்தாப்புல நிக்கி."

அன்று சாயங்காலமே சாதனம் பின்பக்கச் சாய்ப்புக்குப் போனது. விறகும் தென்னமட்டையும் ஒரு பக்கம், அது ஒரு பக்கம். இடவப்பாதி மழை பிடித்தது. பத்தாம் நாள் பார்த்தால், இடுப்புக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு ஒட்டு விட்டு, பலகை வாயைத் திறந்துகொண்டிருந்தது. ஆசாரி வந்து வஜ்ரம் காய்ச்சி ஒட்டினார். வஜ்ரம் மாட்டுத்தோலில் இருந்து எடுப்பது என்று பொன்னம்மைக்கு யாரும் சொல்லவில்லை. தெருவும் ஒரு அளவோடுதான் பேசும்.

இன்னொரு மழைக்கு அது தாங்காது என்று ஆசாரி சொல்லிவிட்டார். குடலைக் கழற்றினால் வீட்டுக்குள் வரட்டும் என்று பொன்னம்மை சொல்லிவிட்டாள். தாணுமாலயன் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் கடையிலிருந்து எஃகுக் கம்பி மூன்று தடிமனில் கொண்டுவந்தார். நாலாவதற்குச் சைக்கிள் பிரேக்குக் கம்பி. உலகத்தில் டபிள் பேஸுக்குச் சைவம் கட்டியவர் அவர் ஒருத்தராகத்தான் இருப்பார்.

கம்பி மெலிசு, விரல் வைக்கிற பலகையில் போய் இடித்தது. குதிரையின் இரண்டு காலுக்கும் அடியில் சிரட்டைத் துண்டு தேய்த்து வைத்து உயர்த்தினார். கம்பி இழுத்த இழுப்பில் மேல்பலகை லேசாகக் குழிந்தது. வில்லைப் போட்டால் தகரப் பந்தலில் மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம். சந்தில் அதைச் சைவக் கம்பி என்றார்கள். இன்றைக்குச் சைவக் கம்பி உண்டா அண்ணாச்சி என்று பெட்டிக்கடையில் கேட்பார்கள். அவர் நிற்காமல் போவார். நாளெல்லாம் தராசுக்கு முன்னால் நின்ற கால். வீட்டுக்கு வந்து மறுபடியும் இதன் பக்கத்தில் அரைமணி நேரம் நிற்க வேண்டும். உட்கார்ந்து வாசிக்கிற வாத்தியமாகப் பார்த்துத் தோட்டத்துத் துரை கொடுத்திருக்கக் கூடாதா. கம்பி விரல் நுனியை அறுத்துத் தோல் உரிந்து, காய்த்து, மறுபடியும் உரிந்தது. இப்படி ஐந்து வருஷம்.

கழற்றிய குடலை என்ன செய்தார்? ஓடையில் எறிந்தாயிற்று என்று பொன்னம்மையிடம் சொன்னார். கடையில் அவருடைய மேசை டிராயரில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. சனிக்கிழமைதோறும் கடை அடைப்பதற்கு முன்னால் அதைத் திறந்து, நாலு சுருளுக்கும் ஒரு துளி தேங்காயெண்ணெய் தடவி மூடி வைப்பார்.

ஐம்பத்துமூன்றில், கரமனை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு சினிமா ஸ்டுடியோவிலிருந்து வெங்கடசுப்ரமணியன் என்பவர் சந்துக்குள் வந்தார். கோட்டைக்குள்ளே அக்கிரகாரத்துக்காரர், ஸ்டுடியோவில் பாட்டுக்கு ஸ்வரம் எழுதிக் கொடுக்கிற வேலை. அவர் வீட்டைக் கண்டுபிடிப்பதற்குள் சந்தில் ஏழு பேர் வழி சொன்னார்கள்.

"பிள்ளைவாள், ஊரிலேயே பேஸ் வச்சிண்டிருக்கிறது நீர் ஒருத்தர்தானாம். வியாழக்கிழமை காலம்பற எட்டு மணிக்குக் கொண்டு வந்துடும். ஒரே ஒரு பாட்டு."

தாணுமாலயன் தலையை ஆட்டினார். வந்தவர் போனபிறகு உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். சந்தோஷப்படுவதற்குக்கூட ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது. பகவதிப்பெருமாள் பிள்ளை ஒருநாள் லீவு கொடுத்தார்; சினிமாவில் மூஞ்சி வருமா, இடுப்பு மட்டும் வருமா என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார்.

வியாழக்கிழமை ஒற்றைக்காளை வண்டியில் வைக்கோல் பரப்பி, பேஸைப் படுக்கவைத்து, பக்கத்தில் இவரும் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்து போனார். சந்து முழுக்க வாசலில் நின்றது. பிச்சம்மாள் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஸ்டுடியோவில் பதினோரு பேர். சத்தம் வரும் என்று விசிறியை நிறுத்தி வைத்திருந்தார்கள். எல்லாரும் மாஸ்டர் என்று கூப்பிட்ட இசையமைப்பாளர், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார். இரண்டு வரி போனதும் கையைத் தூக்கினார். வெங்கடசுப்ரமணியன் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார்.

"என்ன ஓய் இது, சைக்கிள் கம்பியா?"

"ஆமா."

"மைக்குல ரம்பம் அறுக்கறாப்பல கேக்கறது. நரம்புத்தந்தி இல்லையா உம்மகிட்ட? மத்யானத்துக்கு மேலே எடுக்கறோம். அதுக்குள்ளே மாத்த முடியும்னா மாத்தும். இல்லேன்னா பேஸ் இல்லாமலே எடுத்துடுவா."

குடலைக் கட்டாமல் வாசிக்க முடியாது. கட்டினால் வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது. சாய்ப்பில் வைத்தால் தாங்காது, துலாவர்ஷ மழை ஆரம்பிக்க ஒரு வாரம்தான் இருந்தது. மூன்றையும் அவர் பஸ் நிறுத்தம்வரை நடந்தபடி மாற்றி மாற்றி நினைத்தார். பஸ் வந்தபோது ஏறிவிட்டார்.

கடையில் லீவு போட்ட ஆள் நுழைவதைப் பார்த்த முதலாளி, மூஞ்சியா இடுப்பா வேய் என்று கேட்டார். தாணுமாலயன் டிராயரைத் திறந்து டப்பாவை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வந்த வழியே திரும்பினார். சாப்பிடவில்லை. திரும்பிப் போகிற பஸ்ஸில் உட்கார இடமும் இல்லை.

கம்பிகளைக் கழற்றிச் சுருட்டிப் பையில் போட்டார். குதிரைக்கு அடியில் இருந்த சிரட்டையை எடுத்தார். உள்ளே குச்சி சரியாமல் இருக்க, பேஸைத் தொட்டில் குழந்தை மாதிரி மெல்ல மல்லாத்தி வைத்துக்கொண்டுதான் இவ்வளவும். குடல் ஐந்து வருஷம் சுருண்டு கிடந்தது. முறுக்க முறுக்க நீண்டு இறங்கிக்கொண்டே இருந்தது. ஏற்றுவதும் இறங்குவதுமாக ஒரு மணி நேரம். மாஸ்டர் வந்து பார்த்துவிட்டு, அவருக்கென்று எழுதியிருந்த தாளில் பாதியை அடித்தார். ஷட்ஜமும் பஞ்சமமும் போதும், வேறெதையும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இரண்டே ஸ்வரம். பாடின பெண்ணுக்கு ஜலதோஷம். ஒரு தடவை அவள் தும்மினாள், ஒரு தடவை தபேலாக்காரர் முந்தினார், ஒரு தடவை வெளியே காக்கை. பத்தொன்பது தடவை எடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் தாணுமாலயன் இறங்கின தந்தியை ஏற்றினார். பதினாலாவதில் குதிகால் மரத்துவிட்டது. பத்தொன்பதாவதில் யாரும் தும்மவில்லை. அவருடைய சத்தம் பிடிலுக்கும் குழலுக்கும் அடியில் போய்ப் படுத்து, எல்லாவற்றையும் முதுகில் தூக்கிக்கொண்டு நடந்தது. அவருக்கு அது உள்ளங்காலில் தெரிந்தது. மரத்த காலில் எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மாஸ்டர் சரி என்று ஹெட்போனைக் கழற்றி வைத்தார்.

வண்டியில் வரும்போது ஒரு திட்டம் வைத்திருந்தார். பழவங்காடிப் பிள்ளையார் கோயில் முக்கில் வண்டியை ஓரம் கட்டி, குடலைக் கழற்றிவிட்டுக் கம்பியை மாட்டி, சைவமாகவே வீட்டுக்குள் நுழைவது. வண்டி நின்றது. முதல் முறுக்காணியைப் பிடித்தார். விரல் நாலும் வீங்கி, வாழைப்பழச் சீப்பு மாதிரி விறைத்து நின்றன, மடங்கவில்லை. தேங்காய் உடைக்க வந்தவர்கள் இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். காளை சாணி போட்டது. தாணுமாலயன் முறுக்காணியிலிருந்து கையை எடுத்துவிட்டு, போகலாம் என்றார்.

விளக்கு வைக்கிற நேரம். பொன்னம்மை கையில் விளக்கோடுதான் வாசலுக்கு வந்தாள். அவர் பேஸை நிலைப்படியில் சாய்த்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"குடல்தான் கெட்டியிருக்கு. நாளைக்கு மாத்திருகேன். இன்னைக்குக் கை ஓடல்ல."

"ஓடையில எறிஞ்சதுன்னு சொன்னிய."

அவர் வீங்கிய விரல்களை மடியில் வைத்துக்கொண்டார்.

"டப்பாவப் பத்தி ஒங்க மொதலாளி வீட்டு மதினி அந்த வருசமே சொல்லியாச்சு," என்றாள் அவள். "எண்ணெ தேய்க்கது முதக்கொண்டு."

விளக்கை உள்ளே கொண்டுபோய் மாடத்தில் வைத்தாள். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். வெளியே தூறல் விழ ஆரம்பித்தது. அவர் எழுந்து, பேஸைச் சாய்ப்புப் பக்கம் தூக்கிக்கொண்டு போக இரண்டு கையையும் கொடுத்தார். கை பிடிக்கவில்லை.

"அங்க கொண்டு போகாண்டாம்," என்றாள் பொன்னம்மை. "ஒழுகும். பழைய மூலையிலயே வைங்க. சொவரப் பாத்துத் திருப்பி வைங்க."

அவளும் ஒரு கை பிடித்தாள். இரண்டு பேருமாக அதை மூலைக்கு நகர்த்தி, குதிரை சுவரில் இடிக்காமல் ஒரு சாண் விட்டு, முகம் சுவருக்கும் முதுகு மாடத்துக்குமாகத் திருப்பி நிறுத்தினார்கள். தொட்ட கையை அவள் கிணற்றடியில் கழுவினாள். பிறகு வெந்நீர் வைத்து, அவருடைய விரல்களை அதில் முக்கச் சொன்னாள்.

மறுநாள் அவர் மாற்றவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அந்த மூலையில் இன்றைக்கும், வகுப்பில் சேட்டை செய்த பிள்ளை மாதிரி, அது சுவரைப் பார்த்துத்தான் நிற்கிறது. கடையிலிருந்து வந்ததும் அதைத் திருப்பி அரைமணி நேரம் வாசித்துவிட்டு, திரும்பவும் முகத்தைச் சுவருக்குக் கொடுத்துவிட்டுக் காலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். ஸ்டுடியோவிலிருந்து அப்புறம் யாரும் வரவில்லை. குடலா கம்பியா என்று எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து எவ்வளவு எட்டிப் பார்த்தாலும் முதுகுதான் தெரிகிறது.