தார் டின் திருப்பம்

சேத்தூர்ப் பந்தயத்தில் சின்னக் குதிரைகளை எல்லாம் பின்னால் தள்ளிவிட்டுத் தன் குதிரை செவலை முதலாவதாக வந்தபோது தவசிமுத்துவுக்குச் சந்தோஷம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. மற்றவன் குதிரைகள் ஏன் இப்படிச் சொத்தையாக ஓடின? ஸ்ரீவில்லிபுத்தூரில் இருபது வருஷமாகத் தவிட்டுக் கடை வைத்திருப்பவர் அவர். தராசு முள் நேராக நின்றாலும் குனிந்து தட்டின் அடியைத் தடவிப் பார்ப்பார்.

செவலைக்கு இன்னும் மூன்று வயது முடியவில்லை. அதை வைகாசியில் நடக்கும் பெரிய குதிரைப் பந்தயத்தில் விடலாம் என்று சொன்னவன் நேசையன். காலையில் நூல் மில்லில் மிஷின்களுக்கு எண்ணெய் போடுகிறவன், சாயங்காலம் செவலைக்கு வண்டி பூட்டி ஓட்டிப் பழக்குகிறவன்.

"பெருசுக கூடவா? கால் போச்சுன்னா?"

"போகாது அண்ணாச்சி. ஓட்டத்துக்கு அது பயப்படல. திருப்பம் ஒண்ணுதான் சள்ளை. அதை நான் பாத்துக்கிடுதேன்."

"நீ எதுக்குலே இம்புட்டுத் துடிக்கே?"

"குதிரை துடிக்கி. நான் எங்க துடிச்சேன்?"

அந்தப் பந்தயத்தில் ஜெயித்த குதிரையைச் சொல்லித்தான் ஊரில் வருஷத்தையே அடையாளம் சொல்வார்கள். மூன்று வருஷமாக எல்லாம் ராஜபாளையம் வைகுண்டராஜின் வெள்ளைக் குதிரை வருஷம். தவசிமுத்துவுக்கும் ஒரு வருஷம் வேண்டியிருந்தது. பெயரைக் கொடுத்துவிட்டார்.

பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்னால் தவிடு வாங்க வந்த மாரிச்சாமி சும்மா போகவில்லை. "உம்ம ஆளு வைகுண்டராஜ் மில்லு வாசல்ல நிக்கான். மூணு சாயங்காலம் பாத்துட்டேன். குதிரையும் கூடவே நிக்கி."

அன்று ராத்திரி தவசிமுத்து சோற்றைத் தள்ளி வைத்துவிட்டுக் கணக்குப் போட்டார். பிஞ்சுக் குதிரையைப் பெரிய பந்தயத்தில் இழுத்துவிட்டுக் காலை ஒடிக்கத் திட்டம். வேறென்ன?

"அவன்கிட்டயே கேட்டுத் தொலைச்சா என்ன?" என்றாள் மனைவி நாச்சியார்.

"கேட்டா பொய் சொல்லுவான்."

"கேக்காம இருந்தா மட்டும் நெசம் சொல்லுதானாக்கும்! தலையணைக்குள்ள பஞ்சு இருக்கான்னு பிரிச்சுப் பாத்த மனுசன்தான நீங்க."

பந்தயத்தன்று காலையில், ஏழு வண்டிகள் கோட்டில் நிற்க, தவசிமுத்து நேசையனிடம் கையை நீட்டினார்.

"வாரைக் குடு. நான் ஓட்டுதேன்."

நேசையன் அவரையும் வண்டியையும் பார்த்தான். "விளையாடாதீக அண்ணாச்சி."

"மில்லு வாசல்ல நீ விளையாடுனது போதும்."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. நேசையனின் முகம் கறுத்தது. வாரை அவர் தோளில் போட்டுவிட்டு நடந்தான். குற்றமுள்ளவன்தான் பதில் பேசமாட்டான் என்று தவசிமுத்து முடிவு கட்டினார். அவர் ஏறியதும் வண்டியின் அச்சு முனகியது.

ராஜபாளையம் ரோட்டில் போக ஐந்து மைல், வர ஐந்து மைல். செவலை அந்தக் கனத்தையும் இழுத்துக்கொண்டு பறந்தது. நாலாவது மைலில் வெள்ளைக் குதிரையைத் தாண்டியது. தூரத்தில் ரோட்டு நடுவே திருப்பத்துக்கு வைத்த தார் டின் தெரிந்தது. அது நின்ற இடம் வைகுண்டராஜின் பேண்டேஜ் துணி மில் வாசல்.

டின்னை நெருங்கியதும் செவலை தானாக வேகத்தைக் குறைத்தது. அழகாக, ஒட்டினாற்போல் சுற்றித் திரும்பியது. அப்புறம் நின்றுவிட்டது. கழுத்தை வளைத்துப் பின்னால் பார்த்தது.

தவசிமுத்து சாட்டையை வீசினார். அதுவரை அடி வாங்கியே அறியாத குதிரை பின்வாங்கி மிரண்டது. வெள்ளைக் குதிரை தாண்டியது. இன்னும் இரண்டு தாண்டின.

மில் வாட்ச்மேன் கேட்டிலிருந்து கத்தினார். "அடிக்காதீக ஐயா! எங்க அந்தத் தம்பி? டின்னு இங்கதான்னு தெரிஞ்சு தெனமும் கூட்டியாந்து, ஒரு டின்னை வச்சுச் சுத்த விட்டு, ஒரு துண்டு கருப்பட்டி குடுப்பாரே! வேகத்துல திருப்புனா பிஞ்சுக் கால் பிசகிரும்னு சொன்னாரு. பொறவு நாக்கைச் சொடுக்குவாரு, அம்பு மாதிரிப் போவும்."

தவசிமுத்து நாக்கைச் சொடுக்கப் பார்த்தார். வாய் காய்ந்திருந்தது, சத்தம் வரவில்லை.

ஆறாவதாக வந்து சேர்ந்தார். இறங்கியதும் செவலையின் நாலு காலையும் தடவிப் பார்த்தார். ஒரு வீக்கம் இல்லை.

நேசையன் பந்தலோரம் டீ குடித்துக்கொண்டிருந்தான். தவசிமுத்து பக்கத்தில் போய் நின்றார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்லா?"

"திருப்பத்தை நான் பாத்துக்கிடுதேன்னு சொன்னேனே."

"சரி, போகட்டும். அடுத்த பந்தயத்துக்கு நீயே ஓட்டு."

நேசையன் கிளாஸை வைத்தான். "இல்ல அண்ணாச்சி. வெள்ளைக் குதிரையை ஓட்டுதேன்னு வைகுண்டராஜ்கிட்டச் சொல்லிட்டேன். ரெண்டு வருசமா அவிய கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தாவ."

"எப்பச் சொன்னே?"

"நீங்க வாரை வாங்குன பொறவு."

வீட்டுக்கு வந்த தவசிமுத்து செவலையைக் கட்டிப் போட்டுவிட்டு உள்ளே போனார். சோறு போடச் சொல்லி உட்கார்ந்தார்.

"நாச்சியாரு," என்றார், "நான் சொன்னேன்லா? அவன் வைகுண்டராஜ் ஆளுதான்."