என் சுருதி

விவியன் பாடினால் எனக்கு வயிறு எரியும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. கிள்ளானில் எங்கள் தேவாலயத்தில் முதல் வாசகம் முடிந்ததும் பதிலுரைப் பாடலை ஒருவர் மேடையேறித் தனியாகப் பாட வேண்டும்; மக்கள் பல்லவியைத் திருப்பிப் பாடுவார்கள். அந்த ஒருவர் எப்போதும் விவியன்தான். மெல்லிய, உயர்ந்த குரல். பூசை முடிந்ததும் ஆன்டிகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார்கள். பக்கத்தில் நிற்கும் என்னிடம், "ஷார்மைன், உன் காடி எங்க காடிய மறைக்குது, கொஞ்சம் எடும்மா" என்று காரை நகர்த்தச் சொல்வார்கள்.

என் குரல் தடிமன். சின்ன வயதில் மறைக்கல்வி வகுப்பு டீச்சர், "ஆம்பளக் குரல் தனியாக் கேக்குது, நீ வாய மட்டும் அசை" என்றார். அவர் அன்றைக்கே மறந்திருப்பார். நான் நம்பிவிட்டேன். அதனால் பாடற்குழுவின் பின்வரிசையில் குரலை அடக்கிப் பாடிக்கொண்டு, விவியனைப் பார்த்துப் பொருமிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் மட்டும் கதை வேறு. விவியனுக்கு ஸ்ரீ கெம்பாங்கானில் வேலை. ஜாமில் மாட்டிக்கொண்டு கடைசியில்தான் வருவாள். அதுவரை மற்றவர்கள் பல்லவியைப் பழக நான் பாடுவேன். கீபோர்டு வாசிக்கும் ராஜன் அண்ணன் எனக்காகச் சுருதியை இறக்கி, அந்தப் பாட்டுக்கான பட்டனில் பதிந்து வைப்பார். அவள் வந்ததும் மறுபடி ஏற்றிப் பதிவார். நான் ஸ்பேர் டயர் மாதிரி என் இடத்துக்குத் திரும்பிவிடுவேன்.

இந்தத் தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை விவியன் வரவே இல்லை. ராஜன் அண்ணன் சுருதியை ஏற்ற மறந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் மேடையேறினாள். அண்ணன் பட்டனைத் தட்டியதும் என் சுருதியில் இசை கிளம்பியது. அவர் முகம் வெளுத்துப்போனது. பூசை நடுவில் நிறுத்தவும் முடியாது. விவியன் அவ்வளவு கீழே இறங்க முடியாமல் திணறினாள். பாதி வார்த்தை காற்றாய்ப் போனது. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. ஆண்டவர் மன்னிக்கட்டும், நல்லா வேணும் என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் பல்லவி வந்தது. மக்கள் பாடினார்கள். வழக்கமான முணுமுணுப்பு இல்லை, வாய்விட்டுப் பாடினார்கள். கடைசி பெஞ்சில் எப்போதும் கைகட்டி உட்கார்ந்திருக்கும் மரியநாயகம் அங்கிள்கூடப் பாடினார். விவியனின் உயரத்துக்கு அவர்களால் எட்ட முடிந்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தச் சுருதி எல்லாத் தொண்டைக்கும் பொருந்தியது. இது என்னுடையது! அடுத்த பல்லவியை நான் அடக்காமல் பாடினேன். யாரும் திரும்பி முறைக்கவில்லை.

பூசைக்குப் பிறகு மண்டபத்தில் மீகூன் சேமியா சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். விவியன் கடுகடுவென்று வந்தாள்.

"அண்ணே, இன்னைக்கு வாசிச்சீங்களே, அது யாரு சுருதி?"

"ஷார்மைனோடது. மறந்துட்டேன், சாரிலா."

அந்த நேரம் பார்த்துக் குழுத்தலைவி சாந்தமேரி அக்கா, "ஈஸ்டருக்கு பதிலுரைப் பாடல் யாரு பாடுறா?" என்று கேட்டார். எல்லாரும் விவியனைப் பார்த்தார்கள். அக்கா கேட்டது காதில் விழாத மாதிரி அவள் தண்ணீர் குடித்தாள். கெஞ்சினால்தான் ஒத்துக்கொள்வாளாம்.

"நான் பாடுறேன்க்கா," என்றேன்.

"நீயா?" என்றாள் விவியன்.

"ஏன், இன்னைக்கு ஜனங்க பாடுனதக் கேட்டல்ல? அவளே பாடட்டும்," என்றார் அக்கா.

விவியன் என் கார் வரைக்கும் பின்னாலேயே வந்தாள். அவள் கண்ணில் இருந்தது என்னவென்று எனக்கா தெரியாது?

"ஈஸ்டருக்கு சர்ச் ஃபுல்லா இருக்கும். உனக்குப் பயமா இல்லையா?"

"பயமாதான் இருக்கு. ஆனா நீ மேல நின்னு பாடுறத கீழ இருந்து பாக்குறது அதவிடக் கஷ்டம்லா," என்றேன்.