மணிக்கு நான்கு முறை கரகரன்

புகார் சொன்ன நேயர் சுற்றி வளைக்கவில்லை. "உங்க ஸ்டேஷன அந்த ஆளு வெலைக்கு வாங்கிட்டானா? ஒரு மணி நேரத்துல நாலு தடவ கத்துறான்" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டார்.

அந்த ஆள் கரகரன். மேடைக்கென்று அவனே வைத்துக்கொண்ட பெயர். குரலைக் கேட்டால் காரணம் புரியும். அந்த வானொலி நிலையத்தின் பாட்டுத் தொகுப்பைப் பார்த்துக்கொள்பவள் அவனுடைய அக்கா. வம்பு அங்கேதான் இருந்தது.

காலை பத்து மணிக்கே மேலாளர் கூப்பிட்டார். "தம்பி பாட்டுன்னா கை தாராளமா போகுது போல."

"நான் எங்க சார் போடறேன்? கம்ப்யூட்டர்தான் பொறுக்கிப் போடுது. ஒருத்தர் பாட்டு ஒரு மணி நேரத்துல ஒரு தடவைக்கு மேல வரக்கூடாதுன்னு செட் பண்ணியிருக்கு."

"அப்ப கம்ப்யூட்டருக்கு உங்க தம்பி மேல பாசமா?" அவர் சிரிக்கவில்லை. "அஞ்சு மணிக்குள்ள காரணம் சொல்லுங்க. இல்லன்னா அந்த நாற்காலியில வேற ஆள உட்கார வெச்சிடுவேன்."

ஜன்னல் இல்லாத தன் அறைக்கு வந்து பாடகர் பட்டியலைத் திறந்தாள். ஏசி ஒழுகி மூலையில் இருந்த வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. பட்டியலில் கரகரன் ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு முறை இருந்தான். இதற்கு முன் அவள் பட்டியலை உருட்டிப் பார்த்ததே இல்லை. பெயரைத் தட்டித் தேடுவாள், பாட்டு வரும், வேலை முடியும்.

பாட்டுக் கோப்புக்குள்ளேயே பாடகர் பெயரும் பாட்டின் பெயரும் எழுதப்பட்டிருக்கும். அதை டேக் என்பார்கள். இரண்டாவது கரகரனின் டேக்கைத் திறந்து, பெயரின் கடைசியில் நின்று அழிக்கும் விசையைத் தட்டினாள். ஒன்றும் அழியவில்லை. மறுபடி தட்டியபோதுதான் 'ன்' மேலிருந்த புள்ளி போனது. அந்தப் புள்ளிக்குப் பின்னால் ஏதோ இருந்திருக்கிறது. திரையில் இடமே அடைக்காத ஓர் எழுத்து. கம்ப்யூட்டருக்கு அது போதும். ஆள் வேறு என்று எடுத்துக்கொள்ளும்.

ஒன்றோடு நின்றிருந்தால் எங்கிருந்தோ ஒட்டி வந்தது என்று விட்டிருப்பாள். மூன்றாவது பெயரில் இரண்டு தட்டு வீணானது. நான்காவதில் மூன்று. கோப்புகளை மின்னஞ்சலில் அனுப்பியவன் அவன். வந்ததை வந்தபடி ஏற்றியது மட்டும்தான் அவள் வேலை.

போன் போட்டாள். "டேய், பேருக்குப் பின்னாடி என்னடா வெச்சிருக்க?"

"முதல் தடவ சத்தியமா தெரியாதுக்கா. ஏதோ பக்கத்துலேர்ந்து காப்பி பண்ணேன். அந்த வாரமே ஒரு மணி நேரத்துல ரெண்டு பாட்டு வந்துச்சு. எப்படின்னு நோண்டிப் பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

"பார்த்துட்டு சும்மா விடுவாங்களா யாராவது?" குரலை இறக்கினான். "நீயே ஏத்தறப்ப தப்பு பண்ணிட்டன்னு சொல்லிடுக்கா. உன்ன என்ன பண்ணிடப் போறாங்க?"

"வீட்டுக்கு அனுப்பப் போறாங்க."

"இப்பத்தான்க்கா என்னை நாலு பேருக்குத் தெரியுது."

"அந்த நாலு பேரும் நீதான்டா."

நாலரைக்கு மேலாளரை உட்காரவைத்து, அழிக்கும் விசையை அவர் விரலாலேயே தட்டவைத்தாள்.

"ஒண்ணும் ஆகலையேம்மா."

"அதான் சார் ஆகியிருக்கு."

நான்கு பெயரிலும் தட்டிப் பார்த்தார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவளைப் பார்த்தார். "கோளாறா, வேணும்னே பண்ணதா?"

கோளாறு என்று சொன்னால் பேச்சு அதோடு முடிந்துவிடும். ஆனால் அது அவள் கை செய்த கோளாறாக இருக்கும்.

"முதல் தடவ வந்தது கோளாறு. மிச்சம் என் தம்பி வேலை."

"அப்ப ஒரு மாசத்துக்கு அவன் பாட்டு கிடையாது."

"சரி சார்."

அதிகப்படி எழுத்துகளை அழித்தாள். நான்கு கரகரன்களும் ஒருவனானார்கள், அடியில் ஒன்பது பாட்டு. ஒன்பதையும் நிறுத்தி வைத்தாள். யார் சொன்னதோ, மேசைமேல் போன் அதிர ஆரம்பித்தது. திரையில் 'தம்பி' என்று வந்தது. ஐந்து மணி அடிப்பதற்குள் நான்கு முறை வந்தது. அவள் வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்து, அடுத்த பாடகரின் பெயரில் கர்சரை வைத்து ஒரு தட்டு தட்டிப் பார்த்தாள்.