பதக்கம் வென்ற தேதி

...விண்ணப்பப் படிவத்தில் ஏழாவது கட்டம் வரை பேனா தடங்கல் இல்லாமல் வந்துவிட்டது, எட்டாவதில்தான் நின்றுவிட்டது, பதக்கம் வென்ற தேதி, எதைப் போடுவது? எண்ணூறு மீட்டர் ஓடியது எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், அன்றைக்கு நான் நாலாவது, மயிரிழையில் என்னை முந்தி மூன்றாவதாக வந்தவள் ஒரு நெட்டைக்காரி, வேறு நாட்டுக்காரி, அவள் ஊக்கமருந்து போட்டிருந்தாள் என்று இத்தனை காலம் கழித்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள், வெண்கலம் இனி உங்களுடையது, அரசாங்கத்தின் பரிசுத் தொகையும் உங்களுக்கே என்று போன மாதம் கடிதம் வந்தது, கணவர் அதை மூன்று தடவை படித்துவிட்டு "இனிமே வாடகை வீடு வேணாம்" என்றார், நானும் சிரித்தேன், சிரிக்காமல் என்ன, மகளுக்குத் தனி அறை கிடைக்குமே... எதிரே விளையாட்டுத் துறை எழுத்தர் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறார். "என்னம்மா யோசிக்கிறீங்க? கடிதத்துல இருக்கற தேதியப் போடுங்க. ஓடின தேதியப் போட்டா தள்ளிடுவாங்க, ஜெயிச்சு ஒரு வருஷத்துக்குள்ள விண்ணப்பிக்கணும்னு விதி."

அப்படியானால் நான் ஜெயித்தது போன மாதம் பதினாலாம் தேதி, அன்றைக்கு என்ன செய்துகொண்டிருந்தேன், பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திவிட்டு முழங்காலுக்குக் களிம்பு தடவிக்கொண்டிருந்தேன், களிம்பு தடவிக்கொண்டே பதக்கம் ஜெயித்தவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அந்தச் சாயங்காலமோ... ஓடி முடித்ததும் நெட்டைக்காரி என் தோளை அழுத்திவிட்டுப் போனாள், தெரிந்தேதான் அழுத்தினாளா? அவளுக்கு அவள் நாடு வீடே கொடுத்ததாம், இப்போது பிடுங்கிக்கொள்வார்களோ, எட்டு வருஷம் வாய் ஓயாமல் திட்டினேன், இன்றைக்குத் திட்டக்கூட வரவில்லை. வீடா கேட்டேன் நான், பதக்க மேடையில் அவள் நின்ற அந்த மூன்றாம் படியைத்தானே கேட்டேன், வியர்வை காயாத உடம்போடு அந்த ஐந்து நிமிஷம், தொலைக்காட்சியில் அம்மா பார்த்துக்கொண்டிருக்க... அன்றிரவு போனில் அம்மா கேட்டாள், "நாலாவதுன்னா அதுக்கு ஒண்ணும் தர மாட்டாங்களாம்மா?" தர மாட்டார்கள் அம்மா, வெறுங்கையோடு அனுப்புவார்கள். ஓடிய தேதியைப் போட்டால் வீடு போச்சு, கடிதத்தின் தேதியைப் போட்டால் அன்றைக்கு நான் தோற்றது தோற்றதுதான் என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தது போல ஆகும், இரண்டில் ஒன்றுதான், மகள் சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்றுகூட முடிவு செய்துவிட்டாள்...

பதினாலு என்று எழுதிவிட்டேன், மாதம், வருஷம், எழுத்து கோணவில்லை. எழுத்தர் தாளை இழுத்து முத்திரை குத்தினார், தலை நிமிராமலே "வாழ்த்துகள்மா" என்றார், தினமும் பத்துப் பேருக்குச் சொல்கிற குரல்தான், ஆனால் நான் எழுந்து நின்றுவிட்டேன், கால்களைச் சேர்த்து, கைகளை உடம்போடு ஒட்டி, கழுத்தைக்கூடக் கொஞ்சம் தாழ்த்தி... "உக்காருங்க, இன்னும் ரெண்டு கையெழுத்து இருக்கு" என்கிறார், உட்காரத்தான் வேண்டும், எதற்காகக் குனிந்தேன் என்பது எனக்கே இப்போதுதான் உறைக்கிறது, முழங்கால் மட்டும் மடங்க மாட்டேன் என்கிறது...